முதல் சேர்க்கைக்கு நிற்காத பெட்டைக்குதிரை: கட்டிப் பிடிக்கிறதா, காத்திருக்கிறதா?

பவானிக்கரை

மார்வாரி பெட்டை, அஞ்சு வயசு, உயரம் 59 இன்ச், எடை சுமார் 340 கிலோ. குட்டி போட்டதில்லை. அந்தியூர் சந்தையில வாங்கினது, அதனால முன்கதை தெரியாது. ஆண் குதிரை 64 இன்ச், அனுபவம் உள்ளது. சுவருக்கு அந்தப் பக்கம் அதை நிறுத்தினா பெட்டை வாலைத் தூக்குது, கொஞ்சம் கொஞ்சமா மூத்திரம் விடுது. பக்கத்துல கொண்டு வந்த உடனே காதைப் பின்னால மடக்கிக் கத்துது, ரெண்டு பின்னங்காலும் சேர்ந்து பறக்குது. வேப்பமரத்துல தலையைக் குறுக்கிக் கட்டி, பின்னங்காலுக்குக் கயிறு போட்டு ஏத்திடுங்கன்னு ஊர்ல சொல்றாங்க. செய்யலாமா?

லாயக்காரர்

மரத்துல கட்டாதீங்க. ஆண் குதிரை ஏறும்போது அதோட எடை பெட்டையோட இடுப்புல விழும். அது ரெண்டு அடி முன்னால எடுத்து வைச்சுத்தான் பேலன்ஸ் பிடிக்கும். தலை கட்டியிருந்தா அந்த ரெண்டு அடி இல்லாம முட்டி போட்டுக் கீழே போகும், மேல இருக்கிறதும் சரியும். ரெண்டுல ஒண்ணுக்குக் கால் போச்சுன்னா அங்கேயே கதை முடிஞ்சுது. சாதாரண நைலான் கயிறு குளம்புக்கு மேல தோலை அறுத்துடும், அது தனி.

ஆண் குதிரை பக்கமும் யோசிக்கணும். விறைத்து நிக்கிற நேரத்துல குறியிலயோ விதையிலயோ ஒரு உதை விழுந்தா வீக்கம் வத்த வாரக்கணக்காகும். உடம்பு தேறினாலும் மனசு தேறாம, பெட்டையைப் பார்த்தாலே ஒதுங்குற ஆண் குதிரைகள் இருக்கு.

ஒரு கேள்வி: ஹீட்டுக்கு (சேர்க்கைப் பருவத்துக்கு) வந்து எத்தனாவது நாள்ல பக்கத்துல கொண்டு போனீங்க?

பவானிக்கரை

நாள் கணக்கு வைக்கலை சார். வால் தூக்கினதும் கொண்டு போனோம்.

கால்நடை மருத்துவர் தெ.

அங்கேதான் சிக்கல். நம்ம ஆளுங்க மாட்டுக் கணக்கைக் குதிரைக்குப் போடுறாங்க. மாட்டுல ஹீட் ஒரு நாளுக்குள்ள முடியுது. காலையில கத்தினா சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினா மறுநாள் காலையில. பெட்டைக்குதிரையில ஹீட் 5 முதல் 7 நாள் நீளும். சுழற்சி மொத்தம் 21, 22 நாள். கருமுட்டை வெளியாகிறது ஹீட் முடியிறதுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்னாடி. முதல் நாள் ரெண்டாம் நாள்ல விருப்பமும் பயமும் கலந்துதான் நிக்கும். ஆண் குதிரை சுவருக்கு அப்பால இருக்கிற வரைக்கும் சரிங்கும், விலாவுல மூக்கு பட்டதும் உதைக்கும். அதையே நாலாம் அஞ்சாம் நாள் கொண்டு வந்து பாருங்க, பெரும்பாலும் கல்லு மாதிரி நிக்கும்.

இன்னொண்ணு, மாட்டுல தொங்குற கண்ணாடி வழும்பை இங்கே தேடாதீங்க, குதிரையில அப்படி வராது. பார்க்க வேண்டியது: வாலை ஒரு பக்கமா ஒதுக்கித் தூக்கி வைக்கிறது, பின்னங்காலை அகட்டி இடுப்பைத் தாழ்த்துறது, பெண்குறியின் கீழ் நுனியைத் திறந்து திறந்து மூடுறது, கொஞ்சம் கொஞ்சமா மூத்திரம் விடுறது. நாலும் இருந்து, ஆண் குதிரை கழுத்தை உரசினாலும் நகராம நின்னா அது நல்ல ஹீட். மூத்திரம் விடுறது மட்டும் வைச்சு முடிவு பண்ணக்கூடாது. பயந்த குதிரையும் மூத்திரம் விடும்.

கொங்கு மட்டம்

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். முதல் தடவைக் குதிரை ஆண் குதிரை எதிர்ல இருக்கும்போது ஒண்ணும் காட்டாம, அது போன பத்து நிமிஷம் கழிச்சு லாயத்துல தனியா நின்னு அறிகுறி காட்டும். அதனால காட்டிட்டு உடனே போயிடாதீங்க, நின்னு பாருங்க.

காட்டுறதுக்குப் பெரிய ஆண் குதிரையே வேணும்னு இல்லை. அமைதியான ஆண் மட்டக்குதிரை ஒண்ணு இருந்தா அதுதான் நல்ல டீசர் (பெட்டை ஹீட்ல இருக்கான்னு பார்க்க எதிர்ல நிறுத்துற ஆண்). நாலடி உயரத்துக்குத் துவாரம் இல்லாத சுவர் அல்லது பலகைத் தடுப்பு, பெட்டை நிக்கிற பக்கம் பழைய ரப்பர் மேட் அடிச்சிருக்கணும். கம்பி வேலியில காட்டவே கூடாது, முன்னங்காலை வீசினா கம்பிக்குள்ள மாட்டும். முதல்ல மூக்குக்கு மூக்கு, அப்புறம் கழுத்து, அப்புறம் பெட்டையைப் பக்கவாட்டுல திருப்பி விலா. அஞ்சு பத்து நிமிஷம் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் காட்டி நோட்டுல எழுதி வைங்க. ஒரு முழுச் சுழற்சி எழுதினா அடுத்த ஹீட் எப்போன்னு நீங்களே சொல்லிடுவீங்க.

பவானிக்கரை

மாசம் பார்க்கணுமா? வடக்கே குளிர்காலத்துல ஹீட்டுக்கு வராதுன்னு சொல்றாங்களே.

கால்நடை மருத்துவர் தெ.

பெட்டைக்குதிரை பகல் நீளுறப்ப சுழற்சிக்கு வர்ற இனம். பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் குளிர்காலத்துல நிறைய குதிரை ஓய்ந்துடும். அந்த ஊர்ல சீக்கிரம் சுழற்சிக்குக் கொண்டு வரணும்னா ரெண்டு மாசம் முன்னாடியே லாயத்துல விளக்கு போட்டு, பகல் வெளிச்சத்தோட சேர்த்து ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஆக்குவாங்க. ஈரோடு பக்கம் வருஷத்தோட நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான், அதனால பல குதிரைகள் வருஷம் முழுக்கச் சுழற்சியில இருக்கும். இங்கே மாசத்தைவிடத் தீனிதான் முக்கியம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாம, தடவினா கைக்குத் தட்டுப்படணும். 1 முதல் 9 வரை போடுற உடல்நிலை மதிப்பெண்ல 5, 6 இருந்தா நல்லது. 4-க்குக் கீழே இருக்கிற குதிரையைச் சேர்க்கைக்குக் கொண்டு வராதீங்க.

மூணாம் நம்பர் ரிங்

எல்லாரும் சேர்க்கைக்கே போயிட்டீங்க. சந்தையில வாங்கின குதிரைன்னு சொல்றார். முதல்ல ரத்தம் எடுங்க. கிளாண்டர்ஸ், ஈ.ஐ.ஏ. (குதிரைத் தொற்று ரத்தசோகை), சர்ரா (ரத்த ஒட்டுண்ணி நோய்) மூணும் பார்க்கணும். ஆண் குதிரைக்கும் சேர்த்து. கிளாண்டர்ஸ் மனுஷனுக்கும் தொத்தும், சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். கால்நடை மருத்துவமனை மூலமா மாதிரி அனுப்பலாம், ஹிசார்ல இருக்கிற தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம்தான் இதுக்கெல்லாம் மேலிடம். ரிசல்ட் கையில வராம ரெண்டையும் மூக்கு உரச விடாதீங்க, டீசர் மட்டம் உட்பட.

சுழி பார்க்க மணிக்கணக்குல நிப்பாங்க, ஒரு ஊசி ரத்தம் எடுக்க யாருக்கும் நேரம் இல்லை.

கால்நடை மருத்துவர் தெ.

சரியான இடையீடு. ரத்தம் சரியா இருந்தா அடுத்தது ஸ்கேன். ஆசனவாய் வழியா சினைப்பையைப் பார்ப்பாங்க. ஃபாலிக்கிள் (முட்டை வளர்ற நீர்ப்பை) 35 மில்லிமீட்டர் தாண்டி, கருப்பைச் சுவர்ல ஹீட் வீக்கம் (குறுக்கே வெட்டின ஆரஞ்சுப்பழச் சுளை மாதிரி திரையில தெரியும்) நல்லா இருந்தா நேரம் நெருங்கிடுச்சு. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வளரும், 40 முதல் 45-ல வெடிக்கும். வெடிக்கிறதுக்கு முந்தின நாள் அந்த வீக்கம் குறைய ஆரம்பிக்கும்.

35 தாண்டினதும் எச்.சி.ஜி. (முட்டையை வெளியாக்குற ஹார்மோன் ஊசி) 1500 முதல் 2500 யூனிட் வரை ரத்தக்குழாய்ல போட்டா பெரும்பாலும் 36 மணி நேரத்துல, அதிகபட்சம் 48-க்குள்ள முட்டை வெளியாகும். இதோட அருமை என்னன்னா, பயந்த குதிரையை ஒரே ஒரு தடவை நிறுத்தினாப் போதும். விந்தணு உள்ளே 48 மணி நேரம் தாராளமா உயிரோட இருக்கும், முட்டை 12 மணி நேரம்கூடத் தாங்காது. அதனால முட்டைக்கு முன்னாடி விந்து உள்ளே காத்திருக்கணும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வீதம் ஹீட் முழுக்க ஏத்துற பழக்கத்துல முதல் தடவைக் குதிரை வெறுத்துப் போகும்.

அதே ஸ்கேன் அன்னிக்கு ஹைமன் சவ்வையும் (யோனிக்குள்ள இருக்கிற கன்னிச்சவ்வு) பார்க்கச் சொல்லுங்க. குட்டி போடாத குதிரைகள்ல இது நிறைய இருக்கும். சுத்தமான கையுறை போட்டு, வழுவழுப்பு தடவி, ரெண்டு மூணு விரல் உள்ளே விட்டா மூத்திரத் துவாரத்துக்கு மேல தட்டுப்படும். மெல்லிசா இருந்தா விரலாலேயே விரிச்சு விடலாம், தடிமனா இருந்தா நடுவுல சின்னதா வெட்டணும். ரத்தம் லேசா கசியும். புண் ஆற விட்டு அடுத்த ஹீட்ல சேர்க்கலாம்.

பவானிக்கரை

உதைக்கிறதுக்கு அந்தச் சவ்வுதான் காரணமா இருக்குமா?

கால்நடை மருத்துவர் தெ.

ஏறுறதுக்கு முன்னாடியே உதைக்குதுன்னா அது நேரடிக் காரணம் இல்லை, இன்னும் வலி வரலையே. ஆனா முன் சொந்தக்காரர் யாராவது கட்டிப் போட்டு முயற்சி பண்ணி, சவ்வு கிழிஞ்சு வலிச்சிருந்தா அந்த நினைவு இருக்கும். சவ்வு பாதி கிழிஞ்சு தழும்பாகியிருந்தா அதுவும் பரிசோதனையில தெரியும்.

இன்னும் ரெண்டு விஷயம் ஸ்கேன்ல தெரியும். ஒரு சினைப்பை மட்டும் ரொம்பப் பெரிசா, இன்னொண்ணு சுருங்கி இருந்தா கிரானுலோசா செல் கட்டியைச் சந்தேகப்படணும். அப்படிப்பட்ட பெட்டை ஆண் குதிரை மாதிரியே நடந்துக்கும், மத்த பெட்டைகள் மேல ஏறும். ரெண்டு சினைப்பையும் பட்டாணி அளவுல இருந்து, குதிரையும் வயசுக்குச் சின்னதா இருந்தா குரோமோசோம் பரிசோதனை கேட்கணும். ஒரு எக்ஸ் மட்டும் இருக்கிற பெட்டைக்கு எத்தனை தடவை காட்டினாலும் பலன் இல்லை.

தோல்வார்

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன். எவ்வளவு பொறுமையா இருந்தாலும், சரியான நாள்ல கொண்டு வந்தாலும், கட்டுப்பாடு இல்லாம ஏத்துறது ஆபத்து. ஹீட்ல இருக்கிற குதிரையே எடை விழுந்த அதிர்ச்சியில உதைக்கும். மேலுதட்டு முறுக்கும் (உதட்டைக் கயிறு வளையத்துல முறுக்கிப் பிடிக்கிறது), சேர்க்கை வாரும் (உதைக்க விடாம பின்னங்காலைத் தடுக்கிற வார்) இல்லாம பெரிய ஸ்டட் ஃபார்ம்ல (இனவிருத்திப் பண்ணை) பெரும்பாலும் வேலை நடக்கிறதில்லை.

லாயக்காரர்

முறுக்குக்கு நான் எதிரி இல்லை. சரியாப் போட்டா மேலுதட்டு முறுக்கு குதிரையை மந்தமாக்கும். ஆனா ஒரு அளவு இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வைச்சா வேற மாதிரி திரும்பும், திடீர்னு முன்னங்காலை வீசும். ஆண் குதிரை தயாரான பிறகுதான் போடணும், இறங்கின உடனே கழட்டித் தேய்ச்சு விடணும். காதை முறுக்கவே கூடாது, அப்புறம் வாழ்நாளுக்கும் தலைக்கயிறு போட விடாது.

வார் விஷயத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன். கழுத்துல இருந்து முன்னங்கால் நடுவுல வந்து பின்னங்கணுவுக்குப் போற வாரை முதல் முதலா சேர்க்கை அன்னிக்கே போட்டா, கால் மாட்டின பயத்துலயே குதிரை தன்னைக் கீழே எறிஞ்சுக்கும். போடணும்னா பத்து நாள் முன்னாடியே தினமும் போட்டு நடக்கவிட்டுப் பழக்கணும். ஒரே இழுப்புல அவிழுற கொக்கி கட்டாயம். பழக்க நேரம் இல்லைன்னா வாரை விட்டுட்டு, பின்னங்கால் லாடத்தைக் கழட்டி, கெட்டிக் கம்பளி பூட்ஸ் மாட்டுங்க. உதைச்சாலும் அடியோட வேகம் குறையும்.

தோல்வார்

பழக்கின குதிரைக்குத்தான் நானும் சொல்றேன். ஒரு முன்னங்காலைத் தூக்கிப் பிடிக்கிறது நடுவழி. ஆண் குதிரை ஏறின கணத்துல விட்டுடணும், ரெண்டு விநாடி தாமதிச்சா மூணு காலால அந்த எடையைத் தாங்காது.

கொங்கு மட்டம்

சண்டைக்கு நடுவுல ஒரு வழி: பழக்கம். ரெண்டு வாரம் முன்னாடியே தினமும் தீனி நேரத்துல வாலுக்குக் கட்டுத் துணி சுத்தி அவிழுங்க. பின்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க. நிறைய குதிரைகளுக்கு அந்த இடத்தை வாழ்நாள்ல யாரும் தொட்டதே இல்லை. கோணிப்பையைச் சுருட்டி இடுப்பு மேல தேய்ங்க, அப்புறம் பாதி தவிடு நிரப்பின மூட்டையைச் சரிச்சு வைங்க. அது காதை மடக்காம மெல்லுதுன்னா பாதி வேலை முடிஞ்சது.

இன்னும் நம்பிக்கை இல்லைன்னா டீசருக்கு கேன்வாஸ் ஏப்ரன் கட்டி ஒரு தடவை ஏற விடலாம். ஏப்ரன் வயித்துக்குக் கீழே மறைச்சு நிக்கிறதால உள்ளே போகாது. எடை விழுறதை மட்டும் பெட்டை பழகும். ரேஸ் குதிரை ஸ்டட்கள்ல புதுப் பெட்டைக்கு இப்படிச் செய்றது உண்டு.

பவானிக்கரை

மயக்க ஊசி போட்டா இவ்வளவு பாடு வேண்டாமே?

கால்நடை மருத்துவர் தெ.

மயக்கறது இல்லை, அமைதிப்படுத்தறது. சைலசின் குறைஞ்ச அளவு, கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம், ரத்தக்குழாய்ல. உங்க குதிரைக்கு 100 முதல் 170 மில்லிகிராம். மாட்டுக்கு வர்ற குப்பியில மில்லிக்கு 20 மில்லிகிராமும், குதிரைக்கு வர்றதுல 100 மில்லிகிராமும் இருக்கும். மாத்திப் பிடிச்சா அஞ்சு மடங்கு பிசகும். அதனால டாக்டர் கையால மட்டும். அதிகமாப் போனா ஆண் குதிரை ஏறும்போது கால் தள்ளாடும். இன்னொரு ஏமாற்று: சைலசின்ல தலை தொங்கித் தூங்குற மாதிரி நிக்கும், பின்னால தொட்டதும் குறி தப்பாம உதைக்கும். தலை தொங்குதுன்னு பின்னால போய் நிக்காதீங்க.

அசிப்ரோமசினை (இன்னொரு அமைதிப்படுத்தற மருந்து) ஆண் குதிரைக்கு எந்தக் காரணத்துக்கும் போடாதீங்க. குறி உள்ளே திரும்பாம தொங்கியே நின்னுடும் ஆபத்து இருக்கு.

லாயக்காரர்

சேர்க்கை அன்னிக்குச் செய்ய வேண்டியது, வரிசையா சொல்லிடறேன்.

இடம்: நாப்பதுக்கு நாப்பது அடி, புல் தரை அல்லது கெட்டியான மணல். சிமெண்ட் தரை, சாணம் மெழுகின வழுக்குத் தரை வேண்டாம். ஆண் குதிரை பெட்டையைவிட அஞ்சு இன்ச் உயரம்கிறதால லேசான சரிவுல பெட்டையை மேட்டுப் பக்கம் நிறுத்துங்க.

ஆட்கள் மூணு பேர், மூணு பேரும் இடது பக்கம். ஹெல்மெட், ஷூ. செருப்போட யாரும் வேண்டாம். நாலாவது ஆள், வேடிக்கை பார்க்கிற பையன், நாய் எல்லாம் வெளியே.

பெட்டை வாலை அடியில இருந்து ஒரு அடிக்குத் துணியால சுத்துங்க. பெண்குறியை மென்மையான சோப்புல கழுவி, சோப்பு போற வரைக்கும் மூணு தடவை அலசி, சுத்தமான பஞ்சால ஒத்தி எடுங்க. ஈரம் தங்கக்கூடாது. ஆண் குதிரையோட குறியை வெதுவெதுப்பான வெறும் தண்ணியில மட்டும். டெட்டால், சோப்பு போட்டா இயல்பா இருக்கிற நல்ல கிருமி செத்து, சூடோமோனாஸ் மாதிரி கெட்டது குடியேறும்.

ஆண் குதிரையை நேரா பின்னால இருந்து கொண்டு வராதீங்க. பெட்டையோட இடது தோளுக்கு நேரா, பத்தடி தள்ளி நிறுத்தி, அது பார்க்கட்டும். கழுத்து, விலா, அப்புறம் சாய்வா பின்னால. முழுசா விறைக்காம ஏற விடக்கூடாது, வெறும் ஏற்றம் பெட்டையோட பொறுமையை வீணாக்கும். கடிக்கிற ஆண் குதிரையா இருந்தா பெட்டை கழுத்துக்குக் கெட்டித் தோல் போர்வை. பிடரியில பல் பட்டா முதல் தடவைக் குதிரை அதை மறக்காது.

ஏறினதும் பெட்டை ரெண்டு அடி முன்னால போகட்டும், தலையை விட்டுப் பிடிங்க. மூணாவது ஆள் வாலை ஒதுக்கி, தேவைன்னா வழிகாட்டி விடணும். ஆண் குதிரையோட வால் மேலும் கீழும் ஆடினா விந்து இறங்குது. குறியின் அடிப்பக்கம் கை வைச்சா நாளத் துடிப்பு தெரியும். வால் ஆடறது மட்டும் சில நேரம் ஏமாத்தும், துடிப்பை நம்புங்க. தானா இறங்க விடுங்க. முனை விரிஞ்சிருக்கும்போது இழுத்தா உள்ளே கிழியும். இறங்கும்போது பெட்டையோட தலையை உங்க பக்கம், அதாவது இடது பக்கம் இழுத்தா பின்பக்கம் எல்லாரையும் விட்டு விலகும்.

தோல்வார்

உயரமான ஆண் குதிரை, புதுப் பெட்டை. ரோல் இல்லாம செய்யாதீங்க. 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டம், ஒன்றரை அடி நீளம், பஞ்சு திணிச்ச உருளை, ஒரு பிடி. ஒவ்வொரு தடவையும் புது பிளாஸ்டிக் கையுறையால மூடிக்கணும். ஏறின உடனே பெட்டையோட பிட்டத்துக்கும் ஆண் குதிரைக்கும் நடுவுல, குறிக்கு மேல செருகிப் பிடிக்கணும். முழு நீளமும் உள்ளே போகாது.

கால்நடை மருத்துவர் தெ.

ஏன்னா புதுக் குதிரையில யோனிச் சுவர் கருப்பை வாய்க்குப் பக்கத்துல கிழியிற ஆபத்து உண்டு. சேர்க்கைக்குப் பிறகு ஆண் குதிரையோட குறியில ரத்தம் இருந்தாலோ, பெட்டை முக்கிக்கிட்டே இருந்தாலோ, வயித்தைத் திரும்பிப் பார்த்தாலோ, அன்னிக்கே உள்ளே பரிசோதிக்கணும். கிழிசல் வயித்துக்குள்ள திறந்திருந்தா விந்தும் கிருமியும் நேரா வயித்துக்குள்ள போகும், குடல் வெளியே வரவும் வாய்ப்பு இருக்கு. காத்திருந்து காய்ச்சல் வந்தப்புறம் போன் பண்ணா பலன் குறைவு.

பவானிக்கரை

இவ்வளவும் செஞ்சும் நிக்கலைன்னா சினை ஊசி?

கால்நடை மருத்துவர் தெ.

மார்வாரிக்கு உண்டு. பிகானேர்ல இருக்கிற குதிரை மையத்துல உறைந்த விந்து வரைக்கும் வேலை நடக்குது. உங்களுக்கு ஆண் குதிரை பக்கத்துலயே இருக்கிறதால புது விந்தே போதும். வேற நிக்கிற பெட்டையையோ டம்மியையோ (ஏறுறதுக்குச் செஞ்ச பொம்மை) வைச்சு செயற்கை யோனியில எடுத்து, வடிகட்டி, நல்லா நீந்துற விந்தணு 50 கோடி கணக்குப் பண்ணிக் கருப்பைக்குள்ள விடணும். எடுக்கத் தெரிஞ்ச ஆண் குதிரை, மைக்ரோஸ்கோப், பழகின டாக்டர் மூணும் வேணும். ரேஸுக்கான தரோபிரெட்ல மட்டும் இது செல்லாது, நேரடிச் சேர்க்கையில பிறந்த குட்டிக்குத்தான் பதிவு.

மூணாம் நம்பர் ரிங்

வேலி போட்ட மேய்ச்சல் நிலம் இருந்தா ஆண் குதிரையோட சேர்த்து விடுறதும் ஒரு வழி. மணிக்கணக்கா சுத்திச் சுத்திப் பழகும், பயந்த பெட்டை தானே நேரம் சொல்லும். ஆனா விலை உயர்ந்த ஆண் குதிரையை இப்படி விட மாட்டாங்க. முள்கம்பி வேலின்னா நினைச்சே பார்க்காதீங்க.

கொங்கு மட்டம்

முடிஞ்சதும் அரை மணி நேரம் கையில பிடிச்சு நடக்கவிடுங்க, முக்கி வெளியே தள்ளாம இருக்கும்னு பழைய ஆட்கள் சொல்றது. அறிவியல் எவ்வளவோ, பதட்டம் தணியும்.

கால்நடை மருத்துவர் தெ.

விந்து கருப்பைக்கே நேரா போயிடுறதால வெளியே ஒழுகிறதைப் பத்திக் கவலை வேண்டாம். 48 மணி நேரம் கழிச்சு ஒரு ஸ்கேன்: முட்டை வெளியாகலைன்னா இன்னொரு சேர்க்கை, கருப்பையில தண்ணி தேங்கியிருந்தா ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்க வைக்கிற ஊசி). வயசான கன்னிக் குதிரையில கருப்பை வாய் சரியா விரியாததால தண்ணி தேங்குறது அதிகம், அஞ்சு வயசுக்கு அவ்வளவு பயம் இல்லை.

அடுத்த ஸ்கேன் முட்டை வெளியான 14-லிருந்து 16-ம் நாளுக்குள்ள. இதைத் தள்ளிப் போடாதீங்க. ரெட்டைக் கரு இருந்தா அந்த நாள்லதான் ஒண்ணை விரலால நசுக்க முடியும். 16, 17-ம் நாளுக்கு மேல அது கருப்பையில ஒரே இடத்துல நிலைச்சுடும், பிரிக்கிறது கஷ்டமாகும். குதிரையில ரெட்டை பெரும்பாலும் கலைஞ்சுதான் போகும், சில நேரம் தாயையும் கொண்டு போகும்.

பவானிக்கரை

ரத்தம் எடுக்க நாளைக்கு டாக்டரை வரச் சொல்லியாச்சு. ரிசல்ட் வந்ததும் டீசரும் நோட்டும், அதுக்குள்ள வால் துணியும் கழுவுறதும் ஆரம்பிக்கிறேன். ரோல் தைக்க என்ன துணி?

தோல்வார்

உள்ளே இலவம்பஞ்சு வேண்டாம், கட்டி பிடிக்கும். பழைய பெட்ஷீட்டை இறுக்கிச் சுருட்டி நூல் கட்டு போட்டு, மேல ரெக்சின் தைங்க. தையல் மடிப்பு பிடிப் பக்கம் வரணும், பெட்டை பக்கம் வந்தா உரசும்.